ஏழைக் கிதாரின் மறுபதிப்பு: பழசும் புதுசும் குறித்துச் சில விளக்கங்கள்

மறுபதிப்பு என்கிற சொல்லை நாம் புத்தகங்களுக்குத்தான் பயன்படுத்தி வருகிறோம். அச்சில் இல்லாமல் போன ஒரு நாவலைத் திரும்பக் கொண்டுவருகிறவர், பழைய பதிப்பின் பிழைகளைத் திருத்துவதா அப்படியே விடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார். மின்கிதார் உலகத்திலும் கடந்த நாற்பது வருஷங்களாக இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. உயர்ந்த விலைக் கிதார்களைத் திரும்பச் செய்வதில் புதிர் ஏதும் இல்லை. நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, அன்றைக்கும் ஆசைப்பட்டார்கள், இன்றைக்கும் ஆசைப்படுகிறார்கள். எனக்குப் புதிராக இருப்பது மலிவு வாத்தியங்களின் மறுபதிப்பு. காசில்லாதவன் வாங்குவதற்காக, எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கலாமோ அங்கெல்லாம் மிச்சம் பிடித்துச் செய்த சாமானை, ஐம்பது வருஷம் கழித்து அந்த மிச்சம் பிடித்தலோடு சேர்த்து நகலெடுப்பது என்றால் என்ன அர்த்தம்? பேஸ் கிதார் வாசிக்கிறவன் என்ற முறையிலும், தொழிற்சங்க வேலைகளோடு கொஞ்சம் சம்பந்தம் உள்ளவன் என்ற முறையிலும் இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உதாரணத்துக்கு டேன்எலக்ட்ரோவை எடுத்துக்கொள்ளலாம். நேதன் டேனியல் என்கிற மின்பொறியாளர் 1947இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் தொடங்கிய கம்பெனி. முதலில் ஆம்ப்ளிஃபயர்கள், 1954இலிருந்து கிதார்கள். பெரும்பகுதி சரக்கு சியர்ஸ் என்ற பெரும் வணிக நிறுவனத்துக்குப் போனது. அங்கே 'சில்வர்டோன்' என்ற பெயரில், தபால் மூலம் வாங்கும் கேட்டலாக்கில் விற்கப்பட்டது. டேனியல் முழுமரத்தில் உடம்பு செய்யவில்லை. பைன், பாப்லர் போன்ற மலிவு மரத்தில் ஒரு சட்டம் அடித்து, மேலும் கீழும் மேசொனைட் பலகையை ஒட்டினார். மேசொனைட் என்பது மரச்சில்லுகளை நீராவியில் நாராக்கி அழுத்திச் செய்யும் அட்டை. ரேடியோப் பெட்டிக்குப் பின்பக்கம் மூடி வைப்பார்களே, அந்த ஜாதிச் சரக்கு. ஓரங்களில் தெரியும் வெட்டுவாயை மறைக்க வினைல் பட்டை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு உறை வேண்டுமே. அதற்கு உதட்டுச்சாயக் குழாய்களை வாங்கினார். காந்தத்தில் சுற்றிய கம்பிச்சுருளைக் குழாய்க்குள் செருகினால் பிக்கப் ரெடி. இன்றைக்கும் அதற்கு லிப்ஸ்டிக் பிக்கப் என்றுதான் பெயர்.

1962இல் வந்த சில்வர்டோன் 1448 என்ற மாடல் இந்தச் சிந்தனையின் உச்சம் எனலாம். கிதாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்பும் ஐந்து அங்குல ஸ்பீக்கரும். பெட்டியைத் திறந்து நிறுத்தி, வயரைச் சொருகினால் கச்சேரி ஆரம்பம். விலை 67 டாலர் 95 சென்ட்.

இந்தக் கேட்டலாக் விஷயத்தை வெறும் வியாபார உத்தியாகப் படித்துவிடக் கூடாது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு கறுப்பர் கடைக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. கடைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தபால் கேட்டலாக்குக்கு நிறம் தெரியாது. மிஸிஸிப்பி மாநிலத்தில் பதினேழு வயசு மட்டி வாட்டர்ஸ் 1930களின் தொடக்கத்தில் இரண்டரை டாலருக்கு வாங்கிய முதல் கிதார், சியர்ஸ் தபாலில் அந்தப் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த சரக்குதான். பின்னால் சிகாகோவில் மின்சாரம் ஏறிய புளூஸ் இசையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். மலிவுக் கிதாரின் 'வரலாற்று மதிப்பு' பற்றிப் பேசுகிற விளம்பரங்கள் இந்த வரலாற்றைத் தொடுவதேயில்லை. அவற்றுக்கு வேண்டியது வண்ணமும் வடிவமும்தான்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் நண்பர் ஒருவரிடம் அறுபதுகளின் சில்வர்டோன் ஒன்றும், டேன்எலக்ட்ரோ பெயரை வாங்கிய எவெட்ஸ் என்ற கம்பெனி 1998இல் கொரியாவில் செய்வித்து வெளியிட்ட மறுபதிப்பு ஒன்றும் இருந்தன. ஒரு வாரம்போல மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன்.

முதலில் கழுத்து. மின்கிதாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ நாற்பது ஐம்பது கிலோ விசையில் இழுக்கின்றன. வருஷக்கணக்கில் இழுத்தால் மரம் வளையத்தான் செய்யும். அதற்காகத்தான் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பியை வைத்து, முனையில் திருகினால் வளைவு சரியாகிற மாதிரி செய்வார்கள். பழைய டேன்எலக்ட்ரோவில் திருகு கிடையாது. அசையாத இரும்பை உள்ளே போட்டு மூடிவிட்டார்கள். நேராக இருந்தால் அதிர்ஷ்டம், வளைந்தால் அவ்வளவுதான். மறுபதிப்பில் திருகு உண்டு. இந்த ஒரு விஷயத்திலேயே புதுசு பழசைத் தோற்கடித்துவிடுகிறது என்பேன்.

ஃப்ரெட்டுகள் அதாவது கழுத்தில் குறுக்கே அடித்த உலோகக் கட்டைகள், இன்று கம்ப்யூட்டர் வெட்டும் எந்திரத்தின் தயவால் சரியான இடத்தில் சரியான உயரத்தில் இருக்கின்றன. அறுபதுகளின் மலிவு வாத்தியங்களில் அது அன்றைய தொழிலாளியின் கையையும் அவருக்குக் கொடுக்கப்பட்ட நிமிஷங்களையும் பொறுத்தது. மேலே ஏறஏறச் சுருதி விலகும். கம்பி உயரமாக நிற்பதால் விரல் வலிக்கும். ஆம்ப் விஷயம் இன்னும் மோசம். அக்காலத்து மலிவு ஆம்ப்கள் சிலவற்றில் வீட்டு மின்சாரத்தையும் வாசிப்பவனையும் பிரித்து வைக்கும் மின்மாற்றியே இருக்காது. ஈரக்கையோடு தொட்டால் பழமையின் அழகியலை நேரடியாக உணரலாம்.

அப்படியானால் பழசில் என்னதான் இருக்கிறது? பிக்கப்பில் இருக்கிறது. இன்றைய பிக்கப்புகளை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். கம்பிச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி அசையாமல் நிற்கும். சத்தத்தைக் கூட்டினாலும் கிறீச்சிடாது. பழைய மலிவு பிக்கப்புகளில் பலவற்றுக்கு மெழுகு கிடையாது. செலவு மிச்சம். அதனால் சுருள் தானும் கொஞ்சம் அதிர்கிறது. விரல் பலகையைத் தட்டினால் அந்தத் தட்டலும் கேட்கும்; உள்ளே பொந்தாக இருக்கிற மேசொனைட் உடம்பு மூச்சுவிடுவதும் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும், ஆனால் குறைந்த சத்தத்தில் ஒரு திறந்த, காற்றோட்டமான குரல் கிடைக்கும். மறுபதிப்பின் குரல் அதற்குப் பக்கத்தில் வருகிறது, கொஞ்சம் துடைத்துவிட்ட மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாதி நேரம் எனக்கே வித்தியாசம் பிடிபடவில்லை. பிடிபட்டபோதும் 'இதுதான் உயர்ந்தது' என்று சொல்லத் தோன்றவில்லை, வேறு என்றுதான் தோன்றியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்துச் சாமான் எப்படி உழைச்சிருக்கு பார்' என்கிறவர்கள் உழைத்து மிஞ்சியதை மட்டுமே பார்க்கிறார்கள். சிகாகோவின் ஹார்மனி கம்பெனி லட்சக்கணக்கில் கிதார் செய்தது. அவற்றில் கழுத்து வளைந்தவை, ஒட்டுவிட்டவை எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. இன்று கையில் கிடைப்பது ஒரு வடிகட்டப்பட்ட சிறுபான்மை.

பேஸ் கிதாரில் இந்தக் கதை இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனி 1970களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கென்று 'மியூசிக்மாஸ்டர் பேஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கமான முப்பத்துநாலு அங்குலக் கம்பி நீளத்துக்குப் பதில் முப்பது அங்குலம். சின்னக் கைக்கு வசதி. பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண கிதாரின் பிக்கப். நாலு கம்பிக்கு ஆறு காந்தம்! கிடங்கில் இருந்ததை எடுத்துப் பொருத்திவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே ஃபெண்டரின் மலிவுக் கிளையான ஸ்குவையர் 'பிராங்கோ' என்ற பேஸைக் கொண்டுவந்தபோது அதற்குள்ளும் ஆறு காந்த கிதார் பிக்கப்பே இருந்தது. அது மரபுக்குச் செய்த மரியாதையா, மீண்டும் செய்த சிக்கனமா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் இங்கே சுவாரஸ்யம். சிக்கனமே மரபாகிவிட்டது.

விலைக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1962இல் அமெரிக்காவின் சட்டபூர்வமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். சில்வர்டோன் 1448ஐ வாங்க 59 மணி நேரம் உழைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேல். 2023இல் ஸ்குவையரின் கடைசிப்படி மாடல் ஏறத்தாழ 200 டாலர். 2009இலிருந்து அசையாமல் நிற்கிற அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட்டில் கணக்குப் பார்த்தால் 28 மணி நேரத்துக்குள் வாங்கிவிடலாம். ஆக, மலிவுக் கிதார் மேலும் மலிவாகிவிட்டது, தரமும் கூடிவிட்டது. முதலாளித்துவத்தின் சாதனை என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாமா?

மூட முடியாது. கணக்கின் இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது. இந்த மலிவு எங்கே செய்யப்படுகிறது என்று பார்த்தால், அது ஊர் ஊராக நகர்ந்துகொண்டே வந்திருப்பது தெரியும். அறுபதுகளில் ஜப்பானின் டெய்ஸ்கோ, கவாய் முதலிய கம்பெனிகளின் சரக்கு அமெரிக்காவில் வந்து இறங்கியது. மான்ட்கோமரி வார்டு கடைகளுக்கு 'ஏர்லைன்' கிதார்களைச் செய்துவந்த வால்கோ, தன் போட்டியாளரான கே கம்பெனியை வாங்கி, 1968இல் அதோடு சேர்ந்து மூழ்கியது. டேன்எலக்ட்ரோ 1969இல் மூடப்பட்டது. ஹார்மனி எழுபதுகளின் நடுவில் போயிற்று. பிறகு ஜப்பானில் கூலி ஏற, வேலை கொரியாவுக்கு வந்தது. 1987இன் பெரும் தொழிலாளர் எழுச்சிக்குப் பிறகு கொரியாவிலும் கூலி ஏற, வேலை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது.

கொரியாவில் என்ன நடந்தது என்பது கிதார் பத்திரிகைகளில் அதிகம் வராத செய்தி. கோர்ட் என்ற பெயரில் அறியப்படும் கம்பெனி, தன் பெயரில் செய்தவற்றைவிட மற்ற பிரபல பிராண்டுகளுக்காகச் செய்து கொடுத்தவற்றால் வளர்ந்தது. இஞ்சியோனிலும் டேஜோனிலும் ஆலைகள். 2007இல் தொடங்கித் தொழிலாளர்கள் கூண்டோடு வெளியேற்றப்பட்டார்கள், ஆலைகள் மூடப்பட்டன; உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தொடர்ந்தது. மரத்தூளும் கரைப்பான் நெடியும் சுவாசித்துக் கிதார் செய்தவர்கள், அதுவரை ஒரு பாட்டுக்கூட வாசித்தறியாதவர்கள், போராட்டப் பந்தலில் கிதாரும் பேஸும் கற்றுக்கொண்டு ஒரு இசைக்குழு அமைத்தார்கள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ அவர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். வழக்குகள், மேல்முறையீடுகள், 2019இல் ஒரு தொழிலாளியின் 42 நாள் உண்ணாவிரதம். 2019 ஏப்ரலில் உடன்பாடு வந்தபோது போராட்டத்துக்கு 4,464 நாள் ஆகியிருந்தது. கடைசிவரை நின்ற மூன்று பேர் பெயரளவுக்கு வேலையில் சேர்க்கப்பட்டார்கள், ஒரு மாதத்துக்குள் அவர்களே விலகிக்கொள்வது என்பது ஏற்பாடு.

இந்தக் கம்பெனியின் இந்தோனேசிய ஆலையில் ஸ்குவையர் வாத்தியங்களும் செய்யப்படுகின்றன. தலைப்பக்கம் பொறித்த எண் 'ஐசிஎஸ்' என்று தொடங்கினால் 'இந்தோனேசியா - கோர்ட் - ஸ்குவையர்' என்று படிப்பது வழக்கம். சுரபாயா நகரத்தின் குறைந்தபட்ச மாதக்கூலி 2024இல் சுமார் 47 லட்சம் ரூபியா. ஏறக்குறைய 300 டாலர். அமெரிக்கனுக்கு 28 மணி நேரமாக இருக்கும் அந்த 200 டாலர் கிதார், அந்தக் கூலி வாங்குகிறவருக்கு மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 1962இல் அமெரிக்கத் தொழிலாளி தந்த 59 மணி நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம். பழசும் புதுசும் என்கிற ஒப்பீட்டை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். மேசொனைட்டும் மெழுகும் தெரியாமல் கூலியை மட்டும் பேசினால் அதுவும் அரைகுறை என்பது என் கட்சி.

இப்போது 'அசல்' என்ற விஷயம். வால்டர் பெஞ்சமின், எந்திரம் மூலம் நகலெடுக்கப்படும் காலத்தில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் வாடுகிறது என்றார். ஆனால் கேட்டலாக் கிதாருக்கு ஒளிவட்டம் எப்போதுமே இருந்ததில்லை. அது பிறக்கும்போதே நகல். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வரிசையாக வந்து இறங்கியது. அதற்கு ஒளிவட்டம் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் மறுபதிப்புகள் வந்த பிறகுதான் முழுசாக வந்தது. 'மறுபதிப்பு' என்று ஒன்று சந்தையில் இருந்தால்தானே பழையது 'அசல்' ஆக முடியும்? நகல்தான் அசலை உற்பத்தி செய்கிறது என்று போத்ரியார் பாணியில் சொல்லிவிடலாம். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஆலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒளிவட்டம் யார் கையால் ஏறியது என்றும் கேட்க வேண்டும். மிஸிஸிப்பியிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்க வந்த ஹவுண்ட் டாக் டெய்லர் ஜப்பானிய மலிவுக் கிதாரை வைத்துக்கொண்டுதான் மதுக்கடைகளில் வாசித்தார். அவர் குழுவில் பேஸ் வாசிப்பவரே இல்லை, இரண்டாவது கிதாரிலேயே அந்த வேலையையும் முடித்துக்கொண்டார்கள். அவரது முதல் ஆல்பம் 1971இல் வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அப்போது அவர் கிதாரை யாரும் பொக்கிஷம் என்று சொல்லவில்லை. ரை கூடர் தன் ஃபெண்டர் கிதாரில் டெய்ஸ்கோவின் பொன்தகடு பிக்கப்பைப் பொருத்தியதும், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாக் வொயிட் பிளாஸ்டிக் உடம்பு ஏர்லைனைத் தூக்கியதும் விலை பறந்தது. ஏழை வேறு வழியில்லாமல் எடுத்தது, வழியுள்ளவன் கையில் 'தேர்வு' ஆகிறது. இவர்கள் இருவரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருவருமே அந்த மூத்த கலைஞர்களிடம் மனசார மரியாதை உள்ளவர்கள். சந்தை அந்த மரியாதையை எண்ணாக மாற்றிக்கொண்டது, அவ்வளவே.

அதன் பிறகு மறுபதிப்புகள் இரண்டு திசையில் போயின. கனடாவின் ஈஸ்ட்வுட் கம்பெனி ஏர்லைனின் வடிவத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியிழை உடம்பை மரமாக்கி, ஆசியாவில் செய்வித்து விற்றது. ஹார்மனி பெயரோ சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் கைக்கு வந்து, 2018இல் அமெரிக்காவின் கலாமஸூ நகரில், முன்பு கிப்ஸன் இயங்கிய பழைய ஆலையில், 1,300 டாலர் அளவில் விற்கும் கிதாராக மறுபிறவி எடுத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் முதல் கிதாராக இருந்த பெயர்! 2023இல் ஃபெண்டரும் பொன்தகடு பிக்கப் வைத்த பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் ஃபெண்டரை வாங்க முடியாதவர்கள் வாங்கிய சாமானின் முகத்தை இப்போது ஃபெண்டர் போட்டுக்கொள்கிறது.

ஒரு பேஸின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1961இல் பால் மக்கார்ட்னி ஹாம்பர்க் நகரத்தில் சுமார் முப்பது பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ். ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒத்த உருவம் என்பதால் இடதுகைக்காரர் பிடித்தாலும் பார்க்கக் கோணலாக இருக்காது. அதைச் செய்த கம்பெனி, இன்றைய செக் நாட்டுப் பகுதியான ஷேன்பாக்கிலிருந்து இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெளியேற்றப்பட்ட ஜெர்மானியக் கைவினைஞர்களோடு பவேரியாவின் பூபன்ராய்த்தில் திரும்பக் கால் ஊன்றியது. அகதிகளின் ஆலை என்றே சொல்லலாம். அந்த பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோய், 2024இல் மீண்டது. உலகத்தின் விலைமதிப்பற்ற பேஸ் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதே உருவத்தில் சீனாவில் செய்த 'இக்னிஷன்' மாடலைச் சில நூறு டாலருக்கு வாங்கலாம். வாசித்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

தேய்மானத்தையும் விற்கிறார்கள். 1995இல் ஃபெண்டர், புதுக் கிதாரைச் சுரண்டி, வண்ணம் உரித்து, உலோகத்தில் துருவேற்றி 'ரெலிக்' என்று விற்கத் தொடங்கியது. மலிவு மறுபதிப்புகளில் அவ்வளவு வேலைப்பாடு கட்டாது என்பதால், கழுத்துக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வியர்வைக்கு ஆகும் செலவு சாயத்தில் முடிந்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான ஒரு தடயமும் உண்டு. மெக்ஸிகோ வம்சாவளியைச் சேர்ந்த அபிகெய்ல் இபாரா 1956இல் ஃபெண்டர் ஆலையில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக பிக்கப்புக்குக் கம்பி சுற்றினார். அவர் சுற்றியது என்று தெரிந்தால் இன்று தனி விலை. சுற்றிய காலத்தில் அது மணிக்கூலி. இந்தோனேசியாவில் இன்று சுற்றுகிறவரின் பெயரை எந்த மூடிக்குள்ளும் நான் பார்த்ததில்லை, மூன்றெழுத்துக் குறியீடுதான் இருக்கிறது.

எதை வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்களுக்கு: வாசிக்கத்தான் என்றால் புதுசு. மூடியைக் கழற்றி உள்ளே கரிபிடித்த சாலிடரிங் இருக்கிறதா பாருங்கள், சுவிட்சும் வால்யூம் குமிழும் முதலில் போகும், மாற்ற அதிகம் செலவாகாது. பழசுதான் வேண்டும் என்றால் உடம்பின் அழகைப் பார்க்காமல் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். திருகில்லாத கழுத்து வில்லாக இருந்தால், யார் வாசித்ததாகச் சொன்னாலும் சரி, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆம்ப்பையும் சேர்த்துத் தந்தால், முதலில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் சொருக வேண்டாம்.